அப்பா வைத்த பனீர் சொதி

டெல்லியில் ஆட்டோக்காரரோடு முதல் சண்டையைப் போட்டது நான் இல்லை, அப்பா. நிஜாமுதீன் ரயில் நிலைய வாசலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு, சுத்தமான இந்தியில். அப்பாவுக்கு இந்தி தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காதால் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அவர் ஒரு நாளைக்குப் பேசுவதெல்லாம் "சரி", "நல்லாருக்கு", "வாரேன்" என்பதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் ஏதாவது சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று நான் பயந்துவிடுவேன்.

எனக்குப் பாதி புரிந்தது. "தம்பி, நீ பிறக்கும் முன்னாலேயே நான் இந்த ரோட்டில் சைக்கிள் மிதித்தவன். மோதி பாக் போக என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "உட்காருங்க அங்கிள், நீங்கள் நம்ம ஆள்" என்று பெட்டியை அவரே தூக்கி வைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி மஃப்ளரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு வந்தது, வேலை டெல்லியில். திங்கட்கிழமை மாலைக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் பதவி உயர்வும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதாக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். காரணம் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அப்பாவுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. ஒரு முறை பயிற்சிக்கு என்று மதுரை போனபோது பக்கத்து வீட்டில் சொல்லி மூன்று வேளைக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். அப்படிப்பட்டவரைத் தனியாக விட்டுவிட்டு மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நான் என்ன அதிகாரம் செய்வது?

"போய்ப் பாத்துட்டாவது வேணாம்னு சொல்லும்மா கோமதி" என்று என் மேலாளர் மோதி பாக்கில் இருக்கிற வங்கி விருந்தினர் இல்லத்துக்குச் சொல்லிவைத்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "நானும் வாரேன்" என்றார். தனியாக இருக்க முடியாமல்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை மதியமே டெல்லி அலுவலகத்துக்குப் போனேன். பிடிக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். பிரிவில் பாதிப்பேர் பெண்கள். கேன்டீனில் ராஜ்மாவும் சோறும் வாங்கிக் கொடுத்து, என் வேலை எது, என் நாற்காலி எது என்று காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு இலவ மரம் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. வேலை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரே எரிச்சல்.

சனிக்கிழமை காலையில் அப்பா, "கோல் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வருவோமா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தாவாக இருந்தவர். அந்தப் பக்கம்தான் குவார்ட்டர்ஸ். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "டெல்லி எப்படிப்பா இருக்கும்?" என்று சின்ன வயதில் கேட்டபோது, "குளுரும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதுதான் அவருடைய மொத்த டெல்லி.

போகிற வழியில் சோலே பட்டூரே சாப்பிட்டோம். நம் ஊர்ப் பூரிக்கு அண்ணன் மாதிரி இருந்தது பட்டூரா. ஊதிக்கொண்டு தட்டு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நான் அதை எங்கே கிள்ளுவது என்று யோசிப்பதற்குள் அப்பா பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒன்றை முடித்துவிட்டார். வீட்டில் வெள்ளைப்பூண்டு தூக்கலாக இருந்தாலே ஓரமாக ஒதுக்குகிறவர். கடைக்காரரிடம் என்னவோ கேட்டார். அவர் கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, கொண்டக்கடலைக்கு டீத்தூள் போட்டு அவிக்கியா, நெல்லிக்கா போட்டு அவிக்கியான்னு கேட்டேன். நெல்லிக்கான்னான். அதான் இந்தக் கருப்பு" என்றார். இதெல்லாம் இவருக்கு எதற்கு என்று தோன்றியது.

அவர் இருந்த குவார்ட்டர்ஸ் இல்லை. தகரத் தடுப்பு போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கிரேன் நின்றது. நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படத் தயாராக இருந்தேன். அப்பா இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. வெயில் காலத்துல சொட்டுத் தண்ணி வராது" என்று திரும்பிவிட்டார். அவ்வளவுதான். வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை.

அதே தெருவில் ஒரு காய்கறி வண்டியைப் பார்த்ததும் நின்றார். இஞ்சியை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். வெண்டைக்காயின் நுனியைக் கட்டைவிரலால் படக்கென்று முறித்தார். பட்டாணியை உரித்து ஒன்றை வாயில் போட்டு மென்று, வண்டிக்காரரிடம் தலையசைத்தார். ஒன்றும் வாங்கவில்லை. வண்டிக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் காய்கறி வாங்குவது அம்மா, பிறகு நான். அப்பாவிடம் பையைக் கொடுத்தால் பையோடு நிற்பார். இந்தக் கட்டைவிரல் எங்கே கற்றுக்கொண்டது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குக் காய் பாக்கத் தெரியுமாப்பா?"

"சும்மா பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை, டெல்லியின் ஓரத்தில் இருக்கிற துவாரகாவில் மதியச் சாப்பாடு. அப்பாவோடு அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸில் இருந்த பழனிச்சாமி என்று ஒருவர், ஓய்வு பெற்று இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அவருக்குப் போன் செய்வாராம். எனக்கு அதுவும் புதுச் செய்தி.

மெட்ரோவில் ஏறினோம். முதல் பெட்டி காலியாக இருக்கிறதே என்று நான் விறுவிறுவென்று நுழைய, அப்பாவும் பின்னாலேயே வந்தார். கதவு மூடியதும்தான் சுற்றிலும் பெண்களாக இருப்பதைப் பார்த்தேன். பெண்கள் பெட்டி. "அங்கிள், இது லேடீஸ் கோச்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண், கொஞ்சம் கடுமையாக. அப்பா இரண்டு கைகளையும் கூப்பி இந்தியில் சொன்ன பதில் எனக்கு முழுவதும் புரிந்தது: "மன்னிச்சுக்கோ மகளே. என் பெண் எங்கே போகிறாளோ அங்கே பின்னால் போவதுதான் இப்போது என் உத்தியோகம்." பெட்டியே சிரித்தது. ஒரு அம்மாள் எழுந்து உட்காரச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்வழியாகவே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பதில் என்னவோ செய்தது.

வண்டி மாற வேண்டிய நிலையத்தில் நான் இறங்கினேன். அப்பா இறங்கவில்லை. கூட்டம் அவரை உள்ளேயே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. உடனே போன் செய்தேன். அவருடைய போன் என் கைப்பைக்குள் அடித்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்த வண்டியைப் பிடித்து அடுத்த நிலையத்துக்குப் போனேன். இல்லை. திரும்பி வந்தேன். இல்லை. நெல்லை சந்திப்பில் ஒரு பிளாட்பாரத்தில் தொலைத்தால் இன்னொன்றில் கண்டுபிடித்துவிடலாம். இங்கே தரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. காவலாளியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் அழுகிற மாதிரி சொன்னேன். "வயதானவரா? ஞாபகம் உண்டா?" என்று கேட்டார். "அடுப்பு பற்றவைக்கத் தெரியாது" என்று வாய் வரை வந்தது. அவர் காலத்தில் இந்த மெட்ரோவே கிடையாது. அப்பாவின் போனில் எண்ணைத் தேடி எடுத்து, பழனிச்சாமி வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பயப்படாத கண்ணு" என்றார் பழனிச்சாமி. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். டெல்லி அவருடைய தமிழை ஒன்றும் செய்யவில்லை. "உங்கப்பாரு இங்கதான் பால்கனில உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கறாரு. நீ எங்கிருக்கறயோ அங்கயே இரு, நான் வேணா வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

அப்பா அதே வண்டியில் போய், யாரிடமோ கேட்டு, வேறு எங்கோ மாறி, ரிக்‌ஷா பிடித்து எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறார். நான் வியர்த்து வழிந்து உள்ளே நுழைந்தபோது, "வந்துட்டியா?" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பழனிச்சாமியின் மனைவி சாரதா ஆண்ட்டி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தஞ்சாவூர்க் குடும்பம், தமிழ் பேசுவார், படிக்க வராது. சோற்றைப் போட்டு, மேலே சொதி ஊற்றினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொதி எங்கள் ஊர்ச் சமாசாரம். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், காய்கள், கடைசியில் எலுமிச்சம்பழம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேண்டும், அதுவும் இருந்தது. தஞ்சாவூர்க்காரர், அதுவும் டெல்லிக்காரர், இத்தனை சரியாக வைக்கிறாரே என்று பிசைந்தபோது விரலில் பனீர்த் துண்டு தட்டுப்பட்டது.

"சொதிக்குப் பனீர் போடுவீங்களா ஆண்ட்டி?" என்றேன். கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டேன். திருநெல்வேலிக்காரிக்கு சொதி விஷயத்தில் அந்த உரிமை உண்டு.

ஆண்ட்டி குழம்பிப்போய்ப் பார்த்தார். "பனீர் இல்லாம எப்படி? சொதின்னாலே அதானே. அண்ணா அப்படித்தானே சொல்லிக் குடுத்தார்."

"எந்த அண்ணா?"

"அரே, உங்கப்பாதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பச்சடியைத் தட்டின் ஓரத்தில் சரிசெய்துகொண்டிருந்தார்.

பழனிச்சாமி சிரிக்க ஆரம்பித்தார். "ஏனுங் அம்மிணி, உனக்குத் தெரியாதா? நாங்க ஆறேழு பேர் அந்தக் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். சமையல் பூரா உங்கப்பாருதான். ஒரு ஞாயித்துக்கெழமை எங்க செக்‌ஷன் ஆபீசரைச் சாப்பாட்டுக்குக் கூப்புட்டாச்சு. பஞ்சாபி மனுசன். சொதி வெக்கோணும், தேங்கா வேணும். அப்பெல்லாம் தேங்கா வேணும்னா ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் போகோணும். என்னையப் போகச் சொன்னாரு. நான் போற வழில மேட்னி சினிமாவுக்குப் போயிட்டனுங்."

"மத்லப், தேங்காயே வரல" என்றார் ஆண்ட்டி, எனக்கு விளங்க வேண்டுமே என்று.

"நான் வாரப்ப ஆபீசரு வந்து உக்காந்துட்டாரு. உங்கப்பாரு என்னைய ஒரு சொல்லு சொல்லல. தேங்காப்பாலுக்குப் பதிலா எருமப்பால ஊத்திட்டாரு. நெறமெல்லாம் அதேதான், நல்லாத்தான் கொதிச்சுது. எறக்கற நேரத்துல கை பழக்கத்துக்கு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சுபோட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. பால் திரிந்துவிட்டது. தேங்காய்ப்பாலில் பழகிய கை. எங்கள் ஊர்க்காரன் டெல்லியில் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு.

"சட்டி பூரா திரிதிரியா நிக்குது. நாங்கெல்லாம் ஆடிப் போயிட்டோம். உங்கப்பாரு அசராம எடுத்துட்டுப் போயி எலைல ஊத்துனாரு. ஆபீசரு என்ன இதுன்னாரு. 'பனீர் போட்டு எங்க ஊருல செய்யறது சார்'னு சொன்னாரு பாரு, அந்த மூஞ்சில ஒரு சலனம் இல்ல. மனுசன் மூணு தடவ வாங்கிச் சாப்புட்டாரு. அதுக்கப்பறம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல இருந்தெல்லாம் கிண்ணத்தத் தூக்கிட்டு வருவாங்க. தேங்கா கெடைச்ச அப்பறமும் பனீர் போடாம விட மாட்டாங்க."

"நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு ராஜ்மா, ஆலு கோபி தவிர ஒண்ணும் தெரியாது" என்றார் ஆண்ட்டி. "உங்கப்பாதான் ஒரு வருஷம் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தார். ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, எல்லாம். என் பொண்ணு பெங்களூர்ல ஹோட்டல்ல சொதி ஆர்டர் பண்ணிட்டு பனீர் இல்லைன்னு சண்டை போட்டிருக்கா."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்த நாளில்கூட அப்பா ஹோட்டலில் இட்லி வாங்கி வந்து வைத்துவிட்டு நின்றார். இந்த இரண்டு வருடமாக நான் வங்கியிலிருந்து ஓடி வந்து, புடவையைக்கூட மாற்றாமல் குக்கர் வைக்கிறேன். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதர் ஒரு குவார்ட்டர்ஸுக்கே சமைத்துப் போட்டவர்.

கிளம்பும்போது ஆண்ட்டி புளியும் ரசப்பொடியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் உங்களுக்காக என்னென்னவோ பண்ணணும்னு இருந்தேன். அண்ணாதான் போன வாரம் போன் பண்ணினார். கோமதி வரா, சொதி மட்டும் வை, வேற ஒண்ணும் வேணாம்னார்."

நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தேன். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாயால் சொல்ல வராத ஒன்றைத் தட்டில் ஊற்றிக் காட்ட.

திரும்பும்போது பொதுப் பெட்டியில் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. மெட்ரோவில் தமிழில் பேசுவது ஒரு வசதி. எவ்வளவு அந்தரங்கமானாலும் சத்தமாகவே பேசலாம்.

"ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

இரண்டு நிலையங்கள் போயின. பிறகு பேசினார். என் வாழ்க்கையில் அப்பா என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"கல்யாணமாகி வந்த புதுசுல உங்கம்மைக்குக் காய்ச்சல். நான் சமைச்சேன். எங்கம்மையும் அக்காமாரும் சாப்பிட்டுட்டு, மருமவ படுத்தே கெடக்கட்டும், இவனே ஆக்கட்டும்னு சிரிச்சாவ. அவளும் சேந்து சிரிச்சா. பொறவு பாத்தா அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டிருக்கா. என்னளான்னேன். 'இந்த வீட்டுல எல்லாம் ஒங்களுக்குள்ளது. எனக்குன்னு இருக்கது இந்த அடுப்படிதான். இதையும் எடுத்துக்கிடாதிய'ன்னா. அன்னையோட நான் உள்ள போகல."

அம்மா எது வைத்தாலும் அப்பா நல்லாருக்கு என்பார். உப்பு போட மறந்த அன்றும் நல்லாருக்கு. பழக்கதோஷம் என்று அம்மாவும் நானும் கேலி செய்வோம். ஆனால் என் சுபாவம் அவ்வளவு சீக்கிரம் உருகிவிடுகிற சுபாவம் இல்லை.

"நல்லா இருக்குப்பா கதை. ஆம்பளைங்க சமைக்காம இருக்கதுக்கு இத்தன அழகா ஒரு காரணத்த நான் கேட்டதே இல்ல."

அப்பா சிரித்தார். மறுக்கவில்லை. "அதும் உண்டு. வசதியாத்தான் இருந்துச்சு. அவளுக்கு விட்டுக் குடுத்துட்டேன்னு எனக்கு ஒரு நெனப்பு. அவளுக்கு முடியாமப் போன பொறவுந்தான் தெரிஞ்சுது, அவ வாழ்க்க பூரா அதுலயே கெடந்துட்டா. ஒரு நாள் போயி நின்னு, நீ கொஞ்சம் உக்காருன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"அம்மா போனதுக்கு அப்புறமாவது?"

"நீ மறுநாளே அவ இருந்த எடத்துல போயி நின்ன. அப்படி நின்னாத்தான் ஒனக்குக் கொஞ்சம் தேறும்னு நெனச்சேன். பொறவு அதுவே பழக்கமாயிட்டு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒருத்தி கெடந்தது போதும்ளா. நீயும் எனக்காக அங்கன கெடக்க வேணாம்."

எதிரே உட்கார்ந்திருந்த சர்தார்ஜி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாகரிகமாகத் தன் போனுக்குத் திரும்பிக்கொண்டார்.

அப்படியென்றால் அப்பாவும் இங்கேயே வந்துவிடட்டும் என்று தோன்றியது. இந்த ஊரில் அவர் பேசுகிறார், சிரிக்கிறார், கிண்ணத்தோடு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தவர். பாளையங்கோட்டையில் பால் பாக்கெட்டும் பேப்பரும் மோட்டார் சுவிட்சும்தான் அவருக்கு. "நீங்களும் என்கூட வந்துருங்கப்பா. இங்க நீங்க பெரிய ஆளா இருந்திருக்கீங்க" என்றேன்.

"பெரிய ஆளுதான்" என்றார். "ஞாயித்துக்கெழம கூட்டம் நிக்கும். திங்கக்கெழம எந்திரிச்சா கழுவாத சட்டியும் நானும். எப்பம்டா ஊருக்கு மாத்தல் கெடைக்கும்னு எழுதிப் போட்டுக்கிட்டே இருந்தேன். அங்க ஒங்கம்ம காலையில, 'தண்ணி வந்துட்டு, மோட்டாரப் போடுங்க'ன்னு கத்துவால்லா? நான் போயி போடுவேன். அதுக்குத்தாம்ளா நான் இந்த ஊர விட்டுட்டுப் போனேன். இன்னும் அந்த மோட்டாரு ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் அங்க இருந்துக்கிடுதேன்."

எங்கள் வீட்டு மோட்டார் சத்தம் இருக்கிறதே, அரைத் தெருவுக்குக் கேட்கும். அதை மாற்றச் சொல்லி நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அதில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும். காலையில் அப்பாவைக் காணோம். பதறவில்லை, நேற்றோடு அந்தப் பாடம் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு வந்தார். விருந்தினர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பிகார்க்காரர். சமையலறையில் அவர் செய்வது டீயும் டோஸ்ட்டும்தான். அப்பா அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். நான் உதவ எழுந்தேன். "நீ உக்காரு" என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். லைட்டரை அவர் அடித்தபோது அடுப்பு ஒரே தடவையில் பிடித்தது. கத்தரிக்காயை உள்ளங்கையில் வைத்தே நான்காகக் கீறித் தண்ணீரில் போட்டார். புளியைக் கரைத்தார். கடுகு வெடிக்கிற வரை பொறுத்திருந்து வெங்காயத்தைப் போட்டார். எதையும் அளக்கவில்லை, எதையும் தேடவில்லை. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பிகார்க்காரர் நடுவில் ஏதோ சந்தேகம் கேட்டார். அப்பா கரண்டியைக் காட்டி விளக்கினார். இவ்வளவையும் ஒரு மனிதர் எங்கே மடித்து வைத்திருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது.

குழம்பு கொதிக்கும்போது போனை எடுத்து, சம்மதம் என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

"அப்பா, நான் சேர்ந்துடுதேன்னு எழுதிட்டேன்."

"சரி" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே. முதுகு மட்டும்தான் தெரிந்தது. குழம்பை இன்னொரு முறை கிண்டிவிட்டார்.

தட்டு வைத்தார். சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், அப்பளத்தை ஓரமாக வைத்தார். நான் உட்கார்ந்திருக்க அவர் நின்று பரிமாறியது அதுதான் முதல் தடவை. ஒரு வாய் வைத்தேன். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். வாய் தன்னாலே திறந்துவிட்டது.

"அப்பா, இது அம்மா வைக்கதை விட..."

"ஏளா." கரண்டியோடு அவர் கை அந்தரத்தில் நின்றது. "அத மட்டும் சொல்லாத."

குரலில் கோபமில்லை. கெஞ்சினார். இந்த ஒரு பேச்சு எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் ஒரு ஆயுசு முழுவதும் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

அப்பா தலையசைத்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினார்.